கணினி எவர்க்கு உரியது?

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கினவன் அப்பொருளுக்கு உடையவன் ஆவான் என்பது உலகறிந்த வழக்கு. வண்டியை வாங்கினவன் அச்சு முறிந்தால் தன் ஊர்த் தச்சனைக் கொண்டு செப்பனிடுவான். நூலை வாங்கினவன் அதன் ஓரத்தில் குறிப்பெழுதுவான். நண்பனுக்குப் படிக்கக் கொடுப்பான். வேண்டாத காலத்தில் விற்றும் விடுவான். இவற்றுள் எதற்கும் விற்றவனிடம் சென்று இசைவு கேட்பார் இலர். கணினி ஒன்றுமட்டும் இவ்வழக்கிற்கு முழுதும் உட்படாது நிற்கின்றது. அதன் உடல் வாங்கினவர்க்கு உரியது. உள்ளிருந்து அதனை இயக்கும் உயிரோ பெரும்பாலும் பிறர்க்கு உரியது. அவ்வுயிரையே இயங்குதளம் என்று வழங்குகின்றோம். அதன் வகை இரண்டனையும், அவற்றைக் கையாளுவோர் அடையும் உரிமையின் ஏற்றத்தாழ்வையும் எம் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்றவும், எழுதிய கட்டுரை வட்டிற் சேர்ந்திருக்கவும், அச்சுப்பொறி அதனைத் தாளில் இறக்கவும் இடைநின்று ஏவல் செய்யும் நிரல்களின் தொகுதியே இயங்குதளமாம். இந்நிரல்களை வல்லுநர் முதற்கண் மாந்தர் படித்தறியத்தக்க குறிமொழி ஒன்றில் எழுதுவர். அதற்கு மூலநிரல் என்று பெயர். பின்னர் அது கணினிக்கு மட்டுமே விளங்கும் எண்வடிவமாக மாற்றப்படும். மூலநிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு எண்வடிவத்தை மட்டும் வழங்குவது தனியுரிமை இயங்குதளம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் விண்டோஸ் இவ்வகையது. ஆப்பிள் நிறுவனத்தாரின் மேக் தளமும் பெரும்பான்மை இவ்வகையதே. மூலநிரலையும் உடன் வழங்கி, அதனைப் படிக்கவும் திருத்தவும் படியெடுத்துப் பிறர்க்குத் தரவும் இசைவது திறமூல இயங்குதளம். லினக்ஸ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

தமிழ் பயிலும் எமக்கு இவ்வேறுபாடு புதிதாகத் தோன்றவில்லை. தொல்காப்பியச் சூத்திரங்களுக்கு இளம்பூரணர் ஒருவாறு உரை கண்டார். சொல்லதிகாரத்தில் சேனாவரையர் பல இடங்களில் அவரை மறுத்தார். நச்சினார்க்கினியர் பின்வந்து தம் கருத்தை நிறுவினார். மூலம் அவர்கள் எல்லார் கையிலும் இருந்தமையால் அன்றோ இம்மறுப்பும் திருத்தமும் இயன்றன? மூலத்தை ஒளித்து உரையை மட்டும் ஒருவர் வழங்கியிருப்பின், ஏனையோர் அதனை ஏற்றல், விடுத்தல் என்னும் இரண்டனுள் ஒன்றே செய்திருக்கக்கூடும். உ. வே. சாமிநாதையரவர்கள் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், பலவிடத்துப் பெற்ற ஏடுகளை ஒப்புநோக்கியே பாடம் தெரிந்தனர். ஒப்புநோக்குதற்குப் படிகள் பல வேண்டும். படிகள் பல உண்டாதற்குப் படியெடுக்கும் உரிமை வேண்டும்.

இனி, கணினியுலகில் இவ்வுரிமை பற்றிய கிளர்ச்சி எங்ஙனம் தோன்றிற்று என்பதைச் சிறிது கூறுவாம். 1980ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் நிரலர் பணியாற்றி வந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொள்ளும்போதெல்லாம், காத்திருப்போருடைய கணினித் திரையில் அச்செய்தி தெரியுமாறு அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். இச்சிறு திருத்தம் பலருடைய வீண்நடையைத் தவிர்த்தது. பின்னர், செராக்ஸ் நிறுவனத்தார் அளித்த புதிய அச்சுப்பொறி வந்தது. அதற்கு மூலநிரல் தரப்படவில்லை. தாள் சிக்குதல் நிற்கவில்லை. திருத்தும் வழி மட்டும் அடைபட்டது. அந்நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து அறிஞரிடம் நேரிற் சென்று கேட்டபோது, பிறர்க்குத் தருவதில்லை என்று நிறுவனத்தாருக்கு உறுதி கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். திறமை உடையான் ஒருவன், பழுது இன்னதென்று அறிந்திருந்தும், கைகட்டி நிற்க நேர்ந்த நிலை இது. ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் தக்க முழு இயங்குதளம் ஒன்றைக் குனு என்னும் பெயரால் ஆக்கப் போவதாக அறிவித்தார்.

அவ்வியங்குதளத்திற்கு வேண்டிய உறுப்புகள் பல ஒவ்வொன்றாக அமைந்தன. நடுக்கரு மட்டும் அமையாது நின்றது. 1991ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் தம் கணினிக்கென எழுதிய கருவை உலகறிய வெளியிட்டார். அதுவே லினக்ஸ். அடுத்த ஆண்டில் அதனைக் குனு பொது உரிமத்தின்கீழ் அவர் கொணர்ந்தார். கரு குனுவின் ஏனை உறுப்புகளோடு பொருந்தவே இயங்குதளம் முழுமை எய்திற்று. எம்மினும் இரண்டொரு வயதே மூத்த மாணவர் ஒருவர் செய்த செயல் இது என்பதை இவ்விதழைப் படிக்கும் நண்பர்கள் கருத்தில் இருத்துவாராக.

கட்டற்ற மென்பொருளுக்கு ஸ்டால்மன் வகுத்த உரிமைகள் நான்கு: எந்நோக்கத்திற்கும் இயக்கும் உரிமை, உள்ளே நடப்பதைப் படித்தறியும் உரிமை, படிகளைப் பிறர்க்கு வழங்கும் உரிமை, திருத்தி அத்திருத்தத்தையும் வழங்கும் உரிமை என்பன. இவற்றுள் விலையைப் பற்றிய சொல் ஒன்றேனும் இல்லை என்பது நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குதலின் அந்நாட்டார் இதனை விளக்கப் பெரிதும் இடர்ப்படுகின்றனர். தமிழில் அவ்விடர் இல்லை. இலவசம் வேறு, கட்டின்மை வேறு என்பது நம்மவர்க்குச் சொல்லளவிலேயே விளங்கும். விளங்கியும் நம் நாட்டில் இரண்டனையும் குழப்பிக்கொண்டதை இனிக் காண்போம்.

தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனம் 2006ஆம் ஆண்டு முதல் அரசுப் பணிகளுக்கு லினக்ஸைப் பரிந்துரைத்து, தன் அலுவலகக் கணினிகளையும் அதற்கு மாற்றிற்று. சென்னையிலுள்ள சீ-டாக் நிலையத்தார் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு இயைய, பாஸ் என்னும் இயங்குதளத்தை ஆக்கினர். அதன் முதற் பதிப்பு 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர், 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் மேல்வகுப்பு மாணவர்க்கும் அவ்வாறான கல்லூரிகளின் மாணவர்க்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. முதலாண்டிற்கு மட்டும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் திட்டமிடப்பெற்றன. உலகில் வேறெங்கும் எளிதிற் காணவொண்ணாத ஒரு வியப்பு அக்கணினிகளில் இருந்தது. ஒரே பெட்டியினுள் இருவகை இயங்குதளமும் இருந்தன: ஒன்று விண்டோஸ் 7இன் தொடக்கநிலைப் பதிப்பு, மற்றொன்று பாஸ் லினக்ஸ். விசையை அழுத்தியதும், இரண்டனுள் எது வேண்டும் என்று கணினி வினவும். ஒப்பிட்டு ஆராய விழைவார்க்கு இதனினும் சிறந்த சோதனைச்சாலை வாயாது.

ஒப்பிட்டால் என்ன தெரிந்தது? மிகச் சிறியதொன்றை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 7இன் தொடக்கநிலைப் பதிப்பில் திரையின் பின்புறப் படத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லை. தன் வீட்டுச் சுவரில் தான் விரும்பிய படத்தை மாட்டும் உரிமை ஏழைக்கும் உண்டு. தன் கணினித் திரையிலோ இல்லை. அந்நிறுவனத்தார்க்கு அது செய்யத் தெரியாததன்று. விலை மிகுந்த பதிப்புகளில் அவ்வசதி இருந்தது. இதனில் வேண்டுமென்றே அடைக்கப்பட்டது. இதற்கு முன்னர், 2005ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் விற்கப்பெற்ற எக்ஸ்பி தொடக்கநிலைப் பதிப்பிலோ ஒரே வேளையில் மூன்று செயலிகளுக்கு மேல் திறக்கவே இயலாது. ஓடவல்ல குதிரையின் காலைக் கட்டி விலை குறைத்து விற்பதை ஒப்பது இது. மூலநிரல் கையில் இருப்பின் அக்கட்டினை அவிழ்க்க ஒரு மாணவன் போதும். பாஸ் பக்கத்திலோ அவிழ்க்கக் கட்டே இல்லை.

படத்தை மாற்றுதல் விளையாட்டு. அது இல்லாவிடினும் கல்வி கெடாது என்று கூறுவார் உளராயின், அவர்க்கு ஆயுளைப் பற்றிய செய்தியைக் காட்டுவோம். விண்டோஸ் 7க்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை 2020ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாளோடு மைக்ரோசாப்ட் நிறுத்திற்று. விண்டோஸ் 10க்கும் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவான ஆதரவு முடிந்தது. விரும்புவோர் பதிந்துகொண்டு பெறத்தக்க நீட்டிப்பு ஒரு சிறு காலத்திற்கே உண்டு. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11க்கு மாறலாமே எனின், அது குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய வகைச் செயலியும் உடைய கணினிகளையே ஏற்கும். நன்கு இயங்கும் கணினிகள் பல இதனால் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றன. ஆக, பெட்டி பழுதுறவில்லை, திரை மங்கவில்லை, விசைகள் தேயவில்லை; ஆயினும் கடல்கடந்த ஓர் அலுவலகத்தில் குறிக்கப்பட்ட நாள் வந்தவுடன் அக்கணினி முதுமை எய்திவிடுகின்றது. அந்நாளைக் குறிக்கும்போது வாங்கினவனைக் கேட்டார் எவரும் இலர்.

எம் ஊராகிய திருவண்ணாமலையில், இரமணாசிரமத்தை அடுத்துச் செங்கம் சாலையின் இருமருங்கும் உள்ள சிறு கடைகளில் இதனைக் கண்கூடாகக் காணலாம். படி எடுத்தலும் அச்சிடலும் செய்யும் கடைகளும் கணினி பழுதுபார்க்கும் கடைகளும் அங்கு உள. பழைய மடிக்கணினியைக் கையிற்கொண்டு, தம்பிக்கோ தங்கைக்கோ இது பயன்படுமா என்று கேட்டு வருவோர் பலர். எம் தமக்கையார் தம் பள்ளியிற் பெற்ற அரசு மடிக்கணினியும் நெடுநாள் பரண்மேற் கிடந்தது. அதில் எளிய மேசைத்தளத்தோடு கூடிய டெபியனை நிறுவினோம். கட்டுரை எழுதவும், மின்னூல் படிக்கவும், அகராதி பார்க்கவும் அது இன்று தடையின்றி உதவுகின்றது. வலையில் படங்கள் நிறைந்த பக்கங்களைத் திறக்கும்போது அது பெருமூச்சு விடுவதும் உண்மையே. பதினெட்டு வயதுக் காளையின் ஓட்டத்தை அதனிடம் எதிர்பார்த்தல் ஆகாது. எனினும், அதனை எப்பொழுது ஓய்வுபெறச் செய்வது என்பதை இப்பொழுது நாமே முடிவுசெய்கின்றோம்.

மார்கழி, தைத் திங்கள்களில் ஆசிரமத்தைச் சூழ்ந்த தெருக்களில் அயல்நாட்டார் மிகுதியாகத் தங்குவர். தேநீர்க் கடைகளின் பலகைகளில் அமர்ந்து தத்தம் மொழிகளிலே அவர்கள் மடிக்கணினியில் எழுதுவதைப் பார்க்கும்போது, எம் மொழிக்கு இக்கருவியில் கிடைத்த இடம் எத்தகையது என்னும் வினா எம்முள் எழுவதுண்டு. அவ்வினாவிற்கு விடையாகும் வரலாறு ஒன்று உண்டு. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்னும் விசைப்பலகை முறை வகுக்கப்பட்டு, அரசின் ஏற்பினையும் பெற்றது. விண்டோஸ் தன்னுள்ளேயே அம்முறையைச் சேர்த்துக்கொண்டது 2019ஆம் ஆண்டிலே என்க. இடைப்பட்ட இருபது ஆண்டுகளும் விண்டோஸைக் கையாண்ட தமிழர், எ-கலப்பை போன்ற செயலிகளைத் தனியே தேடி நிறுவிக்கொண்டே தட்டச்சு செய்தனர். அச்செயலியை ஆக்கியோரும் தமிழ் ஆர்வலரே என்பதை நன்றியோடு குறிக்கின்றோம். லினக்ஸிலோ, அம்மாநாடு நடந்து பத்தாண்டு நிரம்புமுன்னரே தன்னார்வலர் தமிழ்99ஐ எழுதிச் சேர்த்துவிட்டனர். கே.டி.இ., குனோம் என்னும் மேசைத்தளங்களின் பட்டியல்களையும் கட்டளைகளையும் தமிழாக்கும் பணியும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொடங்கிவிட்டது. அவர்கள் எந்நிறுவனத்தின் வாயிலிலும் விண்ணப்பத்தோடு காத்து நிற்கவில்லை. மூலம் திறந்திருந்தது, புகுந்து எழுதினர். வாங்குவோர் தொகையையும் வரும் ஊதியத்தையும் கணக்கிட்டே நிறுவனம் ஒரு மொழியைச் சேர்க்கும். அதனைக் குற்றம் என்று சொல்லோம், வாணிகத்தின் இயல்பு அது. ஆனால் ஒரு மொழியின் முறை வரும்வரை அம்மொழியார் காத்திருத்தல் வேண்டுமா என்பதே ஈண்டு வினா. சிறுபான்மை மொழியார்க்கு இது இன்னும் கூர்மையான வினா.

அம்மொழியாக்கங்களில் சில சொற்கள் எமக்கு உவப்பானவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகின்றோம். வடமொழி விலக்கும் ஆர்வத்தால் எவர்க்கும் விளங்காத சொற்களை ஆங்காங்கே பெய்துள்ளனர். ஆயினும் பிடிக்காத சொல்லை மாற்றி எழுதி அனுப்பும் வழி அங்கே திறந்திருக்கின்றது. தமிழ் கற்போர்க்கு அதுவே தக்க பணியும் ஆகும்.

நிற்க. தனியுரிமை இயங்குதளங்களின் பக்கத்தும் நியாயம் உண்டு. அதனை மறைத்தல் நடுவுநிலை ஆகாது. வாங்கிய அன்றே அச்சுப்பொறியும் வருடியும் அவற்றோடு இணங்கி வேலை செய்கின்றன. லினக்ஸில் சில கருவிகள் இணங்க மறுத்து ஒரு மாலைப்பொழுதை விழுங்கிவிடும். திருமண அழைப்பிதழும் துண்டறிக்கையும் அச்சிடும் கடையினர் பலர் பேஜ்மேக்கரையும் அதற்கென அமைந்த பழைய எழுத்துருக்களையுமே இன்றும் நம்பியுள்ளனர். அவர்களிடம் உரிமையைப் பற்றிப் பேசினால், நாளை காலைக்குள் இருநூறு அழைப்பிதழ் தரவேண்டும் என்பதே விடையாக வரும். அவ்விடையை நாம் எள்ளுதல் ஆகாது. ஆனால் அவர்கள் நிலையே எம் கருத்திற்குச் சான்றும் ஆகின்றது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பு 2001ஆம் ஆண்டில் வந்தது. சில ஆண்டுகளில் அதனை வளர்த்தலை அடோபி நிறுவனத்தார் நிறுத்திவிட்டனர். ஆண்டுக்கணக்கில் சேர்த்த கோப்புகள் அதன் வடிவிலே கிடத்தலால், கைவிடப்பட்ட வீட்டைவிட்டு வெளியேற இயலாத குடியினர்போல அக்கடையினர் அதனுள்ளேயே வாழ்கின்றனர்.

மற்றொரு தடையும் உண்டு. நம் நாட்டில் விண்டோஸின் கள்ளப்படி எளிதிற் கிடைத்து வந்தது. விலை கொடாமலே எல்லாம் பெற்றோர்க்கு, பகிரும் உரிமை என்று ஒருவர் சொல்லும்போது அதன் அருமை தோன்றுவதில்லை. பிறர்பொருளை ஒளிவில் எடுத்துப் பழகிய கை, முறைப்படி நீட்டப்பட்ட கொடையைக் காணாது போயிற்று. இலவசத்தையும் கட்டின்மையையும் குழப்பிக்கொண்டதாக யாம் மேலே கூறியது இதனையே.

ஆதலின் இருவாயில் உடைய அம்மடிக்கணினிகள் எத்துணையோ இல்லங்களில் ஒரு வாயில் மட்டும் திறக்கப்பெற்றன. பாஸ் என்னும் பெயரைத் தேர்ந்தவுடன் வந்த புதிய திரையைக் கண்டு, இது யாது என்று கேட்டால் விடைசொல்ல அருகில் ஒருவர் இல்லாத பள்ளிகள் பல. ஆசிரியர்க்குப் பயிற்சி போதவில்லை. பாடநூலும் அதனைத் தழுவவில்லை. அண்டை நாடாகிய கேரளத்தார் வேறுவழிச் சென்றனர். தம் பள்ளிக் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளின்மேல் நிறுத்தி, ஆசிரியரைப் பயிற்றி, பாடநூலையும் தேர்வையும் அதற்கேற்ப அமைத்தனர். 2019ஆம் ஆண்டில், உபுண்டு என்னும் லினக்ஸ் வகையினின்று தம் பள்ளிகளுக்கெனத் தாமே ஆக்கிய இயங்குதளத்தை இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளுக்கு அளிக்க முற்பட்டனர். இரு நாட்டாரும் பெற்ற உரிமை ஒன்றே. உரிமத்தின் எழுத்தும் ஒன்றே. அவ்வெழுத்தைப் படித்துக் காட்டுவாரை அமைத்ததில்தான் வேறுபாடு.

இங்கே ஓர் ஐயம் எழும். மூலநிரல் திறந்திருந்தாலும் அதனைப் படிக்க வல்லவர் நூற்றுக்கு ஒருவரேனும் உண்டோ? அறியாத ஏனையோர்க்கு அவ்வுரிமை எதற்கு? இவ்வையம் வலியது போலத் தோன்றும். ஆயினும் மருத்துவ நூல் படிக்க வல்லாரும் ஊருக்கு ஒருவரே. அந்நூல் திறந்திருத்தலால் வரும் நலமோ ஊரார் அனைவர்க்கும். படிக்க வல்ல ஒருவர் பழுதைக் கண்டு திருத்தி வெளியிட, அறியாத ஆயிரவர் அதனைப் பெறுகின்றனர். செங்கம் சாலைக் கடைக்காரர் மூலநிரலின் ஒரு வரியையும் படித்திலர். எனினும் எவரோ படித்துத் திருத்தியதை ஒரு விரலளவு நினைவுக்கோலில் ஏற்றி, இசைவு கேளாமல், எத்தனை கணினியில் வேண்டுமாயினும் நிறுவித் தர அவர்க்கு உரிமை உண்டு. விண்டோஸாயின், கணினியோடு உடன்வரும் உரிமம் அக்கணினியோடே பிணைக்கப்பட்டிருக்கும். நிறுவனத்தாரின் ஒப்பந்தப் பத்திரமும் தாம் மென்பொருளை விற்பதில்லை, பயன்படுத்த இசைவே அளிப்பதாகத் தெளிவாகச் சொல்கின்றது. புதிய விண்டோஸ் 11இன் இல்லப் பதிப்பிலோ, முதல்நாள் அமைக்கும்போதே இணையத்தில் இணைந்து நிறுவனத்தாரிடம் கணக்குத் தொடங்கும்படி கேட்கப்படும். வீட்டிற்கு உடையவன் தன் வாயிலில் நின்று பிறனிடம் பெயர் பதிந்து உட்புகுதல் போலும் இது!

திறமூலம் என்னும் பெயர் மட்டும் கண்டு மகிழ்தலும் கூடாது. நம் சட்டைப்பையில் உள்ள ஆண்டிராய்டு பேசிகளின் கருவும் லினக்ஸே. ஆயினும் பல பேசிகளில் விற்றவர் இட்ட பூட்டினால், அக்கருவை மாற்றி வேறு தளத்தை நிறுவ இயலாது. வேண்டாத செயலிகள் சிலவற்றை நீக்கவும் இயலாது. மூலம் திறந்திருக்க, கருவி பூட்டியிருக்கும் இந்நிலையைத் தடுக்கும் பொருட்டே 2007ஆம் ஆண்டில் குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு எழுதப்பட்டது. லினக்ஸ் கரு இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. இவ்விடத்து டோர்வால்ட்ஸும் ஸ்டால்மனும் கருத்து வேறுபட்டனர். யாம் ஸ்டால்மன் பக்கமே சாய்கின்றோம்.

நம் கல்லூரி நண்பருள் ஆராய விழைவார், உள்ள விண்டோஸை அழித்துவிட்டுத்தான் லினக்ஸைக் காணவேண்டும் என்று அஞ்சற்க. டெபியன், உபுண்டு முதலியவற்றை நினைவுக்கோலில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். வட்டில் உள்ளவை தொடப்படா. இயங்கவிட்டு, கம்பியில்லா இணைப்பு வருகின்றதா, ஒலி கேட்கின்றதா, தமிழ்99 அமைகின்றதா என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, கோலை எடுத்துவிட்டால் கணினி முன்போல் ஆகிவிடும். தமிழில் வழிகாட்டிக் கட்டுரைகள் வேண்டுவோர்க்கு 2012ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கணியம் என்னும் மின்னிதழ் உண்டு. அதன் கட்டுரைகளும் படியெடுத்துப் பகிரும் உரிமையோடே வெளிவருகின்றன.